முள்ளைப் பார்த்து பிளேயர் வாங்குங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய போக்கிலேயே தரப்படுகிறது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "அண்ணே, நீங்க முப்பது வருஷமா ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்னு ரிப்பேர் பார்க்கிறவர். அதைப் பத்தியே பேசுங்க. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். முடித்துவிடுகிறேன். ஆனால் இன்று மாலை பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. அதற்கும் நான் பேசப் போவதற்கும் நேரடியான சம்பந்தம் உண்டு. அதனால் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டேரிக்குப்பம் பக்கத்து மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தக்காலுக்கு அடுத்தபடி ஏறுவது ரேடியோ செட்டின் குழாய் ஸ்பீக்கர்தான். விடியற்காலையில் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம். அது 1963இல் இசைத்தட்டாக வந்தது. மத்தியானம் 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு. வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் படம் பார்த்தவர்களைவிட அதிகம். அப்படி ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் போன வருஷம் காலமானார். அவர் மகன் நம் மாணவர். வீட்டில் இருந்த நானூறு சொச்சம் பிளேட்டுகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட மனமில்லாமல் கல்லூரி நூலகத்துக்கே தருகிறேன் என்கிறார். பெரிய மனசு. அதைக் கேட்க ஒரு பிளேயர் வேண்டும். "சூட்கேஸ் மாதிரி அழகா ஒண்ணு வருது சார், விலையும் கம்மி, அதை வாங்கிடலாம்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதை வாங்கக்கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 12 அங்குல எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கம் 20 நிமிஷம் ஓடினால் சுமார் 667 சுற்று. சராசரிச் சுற்றளவால் பெருக்கிப் பாருங்கள், முள் அந்தப் பள்ளத்தில் நடக்கும் தூரம் ஏறக்குறைய 440 மீட்டர். அந்த முள்ளின் நுனியோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்ன நுனியில் ஒன்றிரண்டு கிராம் எடை வைத்தாலும், அந்த இடத்தில் அழுத்தம் பயங்கரமாக இருக்கும். ஆகவே பிளேயர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. முள் எப்படிப்பட்டது? அது தட்டின்மேல் எத்தனை கிராம் அழுத்துகிறது?

நல்ல பிளேயர்களில் காந்தக் கார்ட்ரிட்ஜும் வைர முள்ளும் இருக்கும். எடை பெரும்பாலும் 2 முதல் 3½ கிராமுக்குள். சூட்கேஸ் வகையில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். எடை 5, 6 கிராம்வரை போகும், குறைக்கவும் வழி கிடையாது. ஒருமுறை போட்டவுடன் தட்டு கெட்டுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கூட எடையும் தேய்ந்த முள்ளும் சேர்ந்தால் தட்டிலுள்ள உச்ச ஒலிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்பட்டுப் போகும். போனது போனதுதான். பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம், என் மாதிரி ஆளிடம் கொடுத்து ரிப்பேரும் செய்யலாம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இலேயே போய்விட்டார். அவர் தோடி வாசித்த தட்டு தேய்ந்துபோனால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

அடுத்தது வேகம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எல்.பி. வந்தது 1948இல், 45 சுற்றுச் சின்னத் தட்டு 1949இல். அதற்கு முன்னால் எல்லாம் 78 சுற்று. அரக்கு சேர்த்துச் செய்தது, கீழே விழுந்தால் சட்டி மாதிரி உடையும். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் ஓடும். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்வான்கள் அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தின் சாரத்தையே பிழிந்து கொடுத்தார்கள். இந்த 78க்குப் பள்ளம் அகலம். அதற்கு எல்.பி. முள்ளைப் போல நான்கு மடங்கு பருத்த முள் வேண்டும். எல்.பி. முள்ளை 78இல் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரக்கும். 78 முள்ளை எல்.பி.யில் போட்டால் தட்டே போச்சு. பழைய சாவி கிராமபோனில் எல்.பி.யைப் போடவே போடாதீர்கள். அதன் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், முள்ளோ இரும்பு.

இனி கடைக்குப் போவோம். வீட்டில் எல்.பி.யும் 45உம் மட்டும் இருந்தால் ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் போன்ற ஆரம்ப நிலை பிளேயர் போதும். பெல்ட்டில் ஓடும். பட்டனை அழுத்தினால் கை தானாகப் போய் உட்காரும், முடிந்ததும் தானாகத் திரும்பும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுக்கு வசதி. எடை கம்பெனியிலேயே வைத்துவிட்டது, மாற்ற முடியாது. முள்ளை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம். அதில் 78 ஓடாது. 78உம் இருந்தால் மூன்று வேகமும் உள்ளது வேண்டும். அதே கம்பெனியின் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் மாதிரி. அதில் எடையை நாமே வைக்கலாம், 78க்கென்று தனி முள்ளை அதே கார்ட்ரிட்ஜில் மாட்டலாம். முள்ளை மாற்றும்போது எடையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். விலை கூடத்தான். ரேகா, ப்ரோ-ஜெக்ட் எல்லாம் ஒலியில் அருமை. ஆனால் ரேகா பிளேனர் 1இல் 45க்கு மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் வாங்குங்கள்.

முழுப் பணத்தையும் பிளேயரிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு மாற்று முள், ஒரு கார்பன் பிரஷ், தட்டுகளுக்குப் புது உள் உறை, இவற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். சாதாரண உருண்டை நுனி வைர முள் 300 முதல் 500 மணி நேரம்வரை தாங்கும். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்றரை வருஷத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். பழைய பிளேயர்களில் வந்த நீலக்கல் முள் அதைவிட வெகு சீக்கிரம் தேயும். எனவே முள் சுலபமாகக் கிடைக்காத பிளேயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்று, காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். தட்டு வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டுவார்கள். 1954இலிருந்து இதற்கு ஒரு பொது அளவு வந்தது. அதைத் திரும்பச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற ஒன்று வேண்டும். அது பிளேயருக்குள்ளோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் ஆக்ஸில் சொருகிவிட்டு, "சார், சீர்காழி கொசு மாதிரி பாடுறார்" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. சீர்காழி மேல் ஒரு குற்றமும் இல்லை!

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்சிலிருந்து கொண்டுவருகிறீர்களா, கவலையில்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊரும் அதேதான். பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து பழைய பிளேயர் கொண்டுவந்தால்தான் வம்பு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏ.சி. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ என்பது 28க்கும் கீழே போய்விடும். சுருதி மூன்று ஸ்வர ஸ்தானம் இறங்கி, பி. சுசீலா பாடினால் டி.எம்.எஸ். பக்கம் நகர ஆரம்பித்துவிடுவார். அடாப்டரில் ஓடும் புதிய டி.சி. மோட்டார் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்பக்க லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

புதிது வாங்க வசதியில்லாத மாணவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு காலத்தில் மெட்ராஸில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985 தீயில் போனது. நமக்குப் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட் இருக்கிறது. எச்.எம்.வி. ஃபியஸ்டா, பிலிப்ஸ், சோனோடைன் என்று பழையவை எங்காவது கண்ணில் படும். வாங்குமுன் ஒரு சோதனை. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத்தை வைத்து மூன்று நிமிஷம் எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வந்தால் 33⅓ சரி. பிறகு தட்டு மேசையைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். முள் கையைத் தொட்டால் லேசாக மிதக்க வேண்டும், லொடலொடவென்று ஆடக்கூடாது. உள்ளே ரப்பர் சக்கரம் கல்லாக இறுகியிருந்தால் மடமடவென்று சத்தம் வரும். அப்படிப்பட்டதை அலங்காரத்துக்கு வைக்கலாம், பாட்டுக்கு ஆகாது.

வீட்டில் எங்கே வைப்பது? மர ஸ்டூலில் வேண்டாம். சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரிதான் உத்தமம். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து மட்டம் பாருங்கள். ஸ்பீக்கரை அதே பலகையில் வைத்தால் ஊளையிடும். தட்டுகளைப் புத்தகம் போல நிற்க வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் வளையும். சித்திரை வெயில் பட்டாலும் வளையும். நம் பக்கத்துச் செம்மண் தூசி போதாதென்று ஐப்பசி மழையில் பூஞ்சை வேறு. எல்.பி.யை மெல்லிய ஈரத்துணியால் பள்ளம் போகும் திசையில் துடைக்கலாம். 78இல் மட்டும் ஸ்பிரிட் தொடவே கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

"இதெல்லாம் எதுக்கு சார், எல்லாம்தான் போன்ல வருதே" என்று பின் வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2022இல் சி.டி.யைவிட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது. 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் ஊர் உலகம் செய்கிறது என்பதற்காக நான் சொல்லவில்லை. பழைய தட்டில் இருப்பதெல்லாம் போனில் வந்துவிடவில்லை. நாடகப் பாட்டு, நாகஸ்வரம், மூன்று நிமிஷ நகைச்சுவைத் தட்டு என்று எத்தனையோ தட்டோடு நின்றுவிட்டன. அந்தப் பெரியவர் வீட்டுப் பெட்டியிலும் அப்படிச் சில இருக்கலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், போட்டுப் பார்க்கத் தகுந்த முள் வேண்டும்.

ஆகவே பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மூன்று வேகமும், எடை திருத்தும் வசதியும் உள்ள பிளேயரை, 78க்கான தனி முள்ளோடு வாங்குங்கள். பணம் குறைந்தால் இந்த வருஷ மதியச் சாப்பாட்டில் ஒரு பாயசத்தைக் குறைப்போம், அடுத்த வருஷம் வாங்குவோம். அவசரப்பட்டு மலிவானதை வாங்கவேண்டாம். இரண்டு, ஒவ்வொரு தட்டையும் துடைத்து, ஒரே முறை நன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்போம். பிறகு தினசரி கேட்பதற்குப் பதிவு, விசேஷ நாளுக்குத் தட்டு. மூன்று, அதை இயக்க நான்கு மாணவர்களைக் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து நான் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம், டீ போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால் இறக்கிப் பாருங்கள். முள்ளைப் பார்க்காமல் மட்டும் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.