சாலைப் பயணமும் காப்பீடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழா மேடையில், மோட்டார் விபத்தைப் பற்றியும் இன்ஷூரன்ஸைப் பற்றியும் பேச ஒருவன் எழுந்து நிற்பது, விருந்துப் பந்தியில் கஷாயம் பரிமாறுவது போல் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், காப்பீட்டுத் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்பொருளைப் பற்றியே பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். முன்பெல்லாம் நம் குடியிருப்பில் கார் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று டில்லியில் கார் நிறுத்த இடம் கிடைப்பது, வீடு கிடைப்பதைவிட அரிதாகிவிட்டது. வண்டி பெருகிய அளவுக்கு வண்டியைப் பற்றிய பொறுப்புணர்ச்சியும் பெருகியதா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதலில் சில புள்ளிவிவரங்கள். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் இறந்தோர் 1,68,491 பேர்; காயமுற்றோர் 4,43,366 பேர். 2023-இல் இறந்தோர் தொகை 1,72,000-ஐயும் கடந்துவிட்டது. இத்தனை பெரிய எண்கள் மனத்தில் தைப்பதில்லை. ஆகவே சிறிதாக்கிச் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மணிக்கு 53 விபத்துகள். மணிக்கு 19 உயிர்கள். நான் அரைமணி நேரம் பேசி அமர்வதற்குள் இந்நாட்டில் ஒன்பது பத்துக் குடும்பங்களில் விளக்கு அணைந்திருக்கும்.

நம் தாயகமான தமிழ்நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022-இல் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884 உயிர்கள். பெருமைப்படத்தக்க முதலிடங்கள் தமிழ்நாட்டுக்குப் பல உண்டு. இஃது அவற்றுள் ஒன்றன்று.

இனி, இறப்பவர் யார்? பலரும் காரில் செல்வோர் என்றே எண்ணுவர். உண்மை வேறு. இறந்தவர்களுள் 74,897 பேர் ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இவ்விரு வகையினருமே நூற்றுக்கு 64 பேர். கார் முதலிய இலேசான வண்டிகளில் சென்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரே. இதன் பொருள் யாது? காரின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நாம், நம் உயிருக்கு அஞ்சுவதைவிட, நம்மால் பிறர் உயிருக்கு நேரக்கூடிய தீங்குக்கே அதிகம் அஞ்சவேண்டும் என்பதாகும். பால் வாங்கச் செல்லும் முதியவரும் பள்ளிக்கு நடக்கும் சிறுமியும் நம் வண்டிக்கு முன் இரும்புக் கவசம் இல்லாதவர்கள்.

காரணம் என்ன என்று பார்த்தால், மழையையும் வளைவையும் குழியையும் குறை கூறுவது நம் வழக்கம். ஆனால் விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, நேரான சாலையிலேயே நிகழ்கின்றன என்கிறது அந்த அறிக்கை. உயிரிழப்புகளில் நூற்றுக்கு 71 பங்கு அதிவேகத்தால் நேர்ந்தவை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில், நூற்றுக்கு 36 பேர் மடிகின்றனர். நல்ல சாலை கிடைத்தால் நம் கால் தானாகவே அழுத்துகிறது. அதுவே எமனுக்கு வழி திறக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர் கடக்கும். எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அடைவதற்கே ஒரு விநாடி செல்லும். அதற்குப் பிறகே வண்டி நிற்கத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இஃது இயற்கையின் கணக்கு. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும் இதனை மாற்ற இயலாது.

வடநாட்டில் வாழும் நமக்கு மற்றொரு பகை, மார்கழி, தை மாதங்களின் மூடுபனி. ஊரில் பனி என்றால் புல்நுனியில் முத்துப்போல் நிற்பது. இங்கோ பத்து அடிக்கு அப்பால் லாரி நிற்பதும் தெரியாது. ஆக்ரா செல்லும் யமுனா விரைவுச் சாலையில், 100 கிலோமீட்டராக உள்ள கார்களின் உச்ச வேகத்தைப் பனிக்காலத்தில் 75 ஆகக் குறைப்பது வழக்கம். அந்த 75-ம் அடர்ந்த பனியில் மிகையே. பனியில் உயர்விளக்கு எரித்தால் ஒளி பனியிலேயே பட்டு நம் கண்ணைக் கூசச் செய்யும், தாழ்விளக்கே நன்று. ஓடும் பாதையில் வண்டியை நிறுத்தவே கூடாது. எல்லாவற்றினும் நன்று, பொழுது நன்றாகப் புலர்ந்தபின் புறப்படுவது. தாஜ்மகால் எங்கும் போய்விடாது.

இருக்கை வாரைப் பற்றி ஒரு சொல். 2022-இல் வார் அணியாமல் இறந்தோர் 16,715 பேர். அவர்களுள் ஓட்டியவர் 8,384. உடன் அமர்ந்திருந்தோர் 8,331. ஏறத்தாழச் சமம். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி அவர்கள் 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், வார் அணியாமல் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது உயிரிழந்தது நாடறிந்த செய்தி. பின்னிருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்பது சட்டம். அணியாவிடில் அபராதம் 1,000 ரூபாய். தாய்மார்களே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். மோதும்போது எந்தத் தாயின் கையும் அந்த வேகத்தைத் தாங்காது. தலைக்கவசம் இன்றி இறந்தோர் அவ்வாண்டில் 50,029 பேர் என்பதையும் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

இளைஞர்களைச் சொன்னதும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பதினெட்டு நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுத்து, அவன் ஓட்டும் அழகைப் பார்த்து மகிழ்வோர் நம்முள்ளும் உளர். 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அவன் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது என்பதும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன்.

சாலையில் ஓடும் எந்த மோட்டார் வண்டிக்கும், அதனால் பிறருக்கு ஏற்படும் தீங்கை ஈடுசெய்யும் காப்பீடு இருந்தே ஆகவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. இதனை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். இஃது இன்றி வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதம் சிறிது, ஆனால் ஒருவர் இறந்துவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு இலட்சக்கணக்கில் வரும். காப்பீடு இருந்தால் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்ச வரம்பின்றிக் கம்பெனி பொறுப்பேற்கும். பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்துக்கு ஏழரை இலட்சம் ரூபாய் வரை ஏற்கும். காப்பீடு இல்லையேல் நம் வீடு, நிலம், சேமிப்பு எல்லாம் அதற்கு ஈடாகும். அதனினும் கொடியது, இறந்தவரின் மனைவியும் மக்களும் கைப்பொருள் ஏதுமின்றி நிற்பது.

இதில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்கள், சாலை விபத்துகளைக் குறைக்க வழிகாண வேண்டி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும், புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆனால் இதிலேயே ஒரு குழப்பமும் நேர்கிறது. மூன்றாண்டுக்கு எடுத்தாயிற்று என்று இருந்துவிடுகின்றனர். நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தேதிகள் உண்டு. இன்றிரவே பாலிசியை எடுத்து இரு தேதிகளையும் பாருங்கள்.

சொந்த வண்டிக்கான காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு. வண்டி களவுபோனாலோ முற்றும் அழிந்தாலோ அத்தொகையே கிடைக்கும். பிரீமியம் குறையவேண்டும் என்று மதிப்பையும் குறைத்துக்கொள்வது, குடையைச் சிறிதாக்கி விலையைக் குறைப்பது போன்றது. இரண்டாவது, தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் வழக்கமாகப் பாதி விலையே தருவர். புதிய வண்டிக்காரர், சிறிது அதிகப் பிரீமியம் செலுத்தித் தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுத்தல் நலம்.

மூன்றாவது, உரிமை கோராமைக்கான தள்ளுபடி. ஓராண்டு எதுவும் கோராவிடில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் நூற்றுக்கு 20. தொடர்ந்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 என உயரும். ஒருமுறை கோரினால் மீண்டும் அடியிலிருந்து தொடங்கவேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி பெறக்கூடியவர், மூவாயிரம் ரூபாய்க் கீறலுக்காகக் கோரிக்கை வைத்தால், மறு ஆண்டே ஐயாயிரம் இழக்கிறார். சிறு சேதத்தைக் கைப்பணத்தில் சரிசெய்வதே சிக்கனம். இத்தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, உடையவருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கினாலும் மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிடில் முற்றும் போய்விடும்.

நான்காவது, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பலர் இப்பாடத்தைக் கற்றனர். நீர் புகுந்த காரை ஓட்டிப் பார்க்கச் சாவியைத் திருகினால் எஞ்சின் பழுதாகும். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிடில் அச்செலவைக் கம்பெனி பெரும்பாலும் ஏற்காது. நீரில் நின்ற வண்டியைத் தொடாமல் இழுத்துச் செல்லச் செய்வதே முறை.

ஐந்தாவது, பழைய கார் வாங்குவோர், பதிவுச் சான்றில் பெயர் மாறியதோடு நில்லாமல், 14 நாளுக்குள் பாலிசியிலும் பெயர் மாற்றக் கோரவேண்டும். விற்றவர் பெயரிலேயே பாலிசி கிடந்தால் வாங்கியவரின் சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது. சொந்தக் காரை வாடகைக்கு விடுவதும், மது அருந்தி ஓட்டுவதும் அவ்வாறே கோரிக்கையைக் கெடுக்கும்.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியது என்ன? முதற்கடமை காயமுற்றவருக்கே. 112 அல்லது 108; தேசிய நெடுஞ்சாலையாயின் 1033. உதவிசெய்ய வந்தவரைப் போலீஸார் அலைக்கழிக்கலாகாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் சட்டமும் காவல் தந்துள்ளன. ஆதலால் அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பெற்ற மத்திய அரசுத் திட்டப்படி, விபத்துற்றவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய் அளவுக்குப் பணமின்றிச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உதவும். பிறகு போலீஸுக்கும் கம்பெனிக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்குமுன் வண்டியைப் பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள்.

இறுதியாக, வெளியூரில் வாழும் நமக்கே உரிய ஒன்று. விடுமுறையில் ஊருக்குச் சென்றவர் திருச்சிக்கு அருகே விபத்தில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி வழக்குக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் டில்லியிலிருந்து திருச்சிக்கு ஓடவேண்டும் என்றே பலரும் எண்ணி, வந்த தொகைக்கு இசைந்துவிடுகின்றனர். அவ்வாறன்று. விபத்து நேர்ந்த ஊரில் மட்டுமன்றி, இழப்பீடு கோருபவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆறு மாத வரம்பும் சட்டத்தில் உண்டு. துக்கத்தில் நாள் கடந்துவிடலாகாது. மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு இரண்டு இலட்சமும் கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு. நம் சொந்தக் கோரிக்கையைக் கம்பெனி காரணமின்றி மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுதி முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் நியாயம் கிடைக்காவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டுவதில்லை.

அன்பர்களே, இங்கே நமக்குப் பெரியப்பா, மாமன் என்று ஓடிவர உறவினர் அருகில் இல்லை. இச்சங்கமே உறவு. ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பாலிசியும் பதிவுச் சான்றும் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வோர் இல்லத்தரசியும் அறிந்திருக்கட்டும். துன்பம் நேர்ந்த வீட்டுக்கு மனு எழுதித்தரவும் உடன் செல்லவும் சங்கத்தில் இருவர் முன்வரட்டும். நான் ஒருவன் இப்போதே என் பெயரைத் தருகிறேன். காப்பீடு பணத்தைத் திருப்பித் தரும். போன உயிரைத் தராது. இவ்விழா முடிந்து வீடு திரும்பும்போது மெல்லச் செல்லுங்கள். அனைவரும் வார் அணிந்து செல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!