கேமரா மலிந்துவிட்டது, சிரிப்பு யாரைப் பார்த்து?

(ராயபுரத்தில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரிக்குப் போன முதல் வாரமே, "வடசென்னை பாஷையில ஏதாவது பேசிக் காட்டேன்" என்றார்கள். "இன்னா பேசணும்?" என்று கேட்டேன். அதற்கே வகுப்பு சிரித்தது. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. சினிமாவும் டிவி காமெடியும் அந்தச் சிரிப்பை முன்பே தயார் செய்து வைத்திருந்தன. ரிக்‌ஷாக்காரரும் மீன்காரம்மாவும் வாயைத் திறந்தாலே அங்கே சிரிப்புதான்.

அன்று நம்மிடம் கேமரா இல்லை. 35 எம்எம் ஃபிலிமில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதை யார் முகத்துக்குச் செலவழிப்பது என்பதைப் பணம் முடிவு செய்தது, கூடவே சாதியும் முடிவு செய்தது. டிஜிட்டல் வீடியோ அந்தக் கணக்கைக் கலைத்தது. 2003-ல் ஆர்.பி. அமுதன் எடுத்த 'பீ' ஆவணப்படம், மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையை அவசரப்படாமல் பின்தொடர்கிறது. காத்திருந்து பார்க்கும் நேரத்தையும் இந்த மலிவுதான் தந்தது. 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைத் திரையிடத் தடைகள் வந்தபோது, அது யூடியூப் வழியாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

சரி, கேமரா வந்துவிட்டது. சிரிப்பு மாறியதா? நம் பையன்கள் போடும் காமெடி ரீல்ஸைப் பாருங்கள். பலவற்றில் அதே லுங்கி, அதே கத்தி, அதே "இன்னாடா". அன்று அடுத்தவர் நம்மை வைத்து எடுத்த ஜோக்கை இன்று நாமே எடுக்கிறோம். வியூஸ் அதற்குத்தான் வருகிறது. பிழைப்புக்காக எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நம் ஊருக்கென்று வேறொரு நையாண்டி இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. மக்கள் செல்போனில் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். கறுத்துப்போன தன் படகைக் காட்டி ஒரு அண்ணன் சொன்னார்: "டீசல் செலவு மிச்சம்பா, ஆறே ஊத்திக் குடுத்துச்சு." சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். அவர் பேசிய தமிழுக்காக யாரும் சிரிக்கவில்லை. ஆற்றில் எண்ணெயை விட்டவர்கள் மேல்தான் அந்தச் சிரிப்பு விழுந்தது.

அந்த அண்ணன் சொன்னதை எந்தக் காமெடி நிகழ்ச்சியும் எழுதித் தராது. நாம்தான் எடுக்க வேண்டும். போன் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த வீடியோவை எடிட் செய்யும்போது, இதில் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.