நேர்முகத்துக்குத் தனியாகப் போகாதேங்கோ

(யூனியன்வில்லில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து கோ ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. முதலாளித்துவத்தைப் பற்றியெல்லாம் கதைக்கிறம். இதைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கிறேல்லை?" அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு.

முதலில் ஒன்று. வேலை கிடைக்காமல் போவதெல்லாம் உங்கள் பிழை இல்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபோலஸ் சுமார் 13,000 கற்பனை விண்ணப்பங்களை முதலாளிகளுக்கு அனுப்பிப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார். கனடாவிலேயே படித்து, இங்கேயே வேலை செய்தவர்களாகக் காட்டிய விண்ணப்பங்களில்கூட, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கு ஏறக்குறைய 40 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. நல்ல சட்டை போட்டு இதைச் சரிசெய்ய ஏலாது.

ஆனாலும் முதலாம் திகதி வாடகை கட்டத்தானே வேணும். ஆகவே ஆயத்தத்துக்கு வருவோம்.

என் முதல் நேர்முகத்தில், "நீங்கள் தீர்த்துவைத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் வாடகைக்காரர் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் வீடு வீடாகப் போனோம், நாங்கள் கூட்டம் வைத்தோம், நாங்கள் கடிதம் கொடுத்தோம். கடைசியில் ஒருவர் கேட்டார்: "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" முழித்துக்கொண்டு இருந்தேன். தன்னைப் பற்றித் தானே புளுகக்கூடாது என்று வீட்டில் வளர்த்தார்கள். இயக்கத்துக்குள்ளும் 'நான்' என்றால் தலைக்கனம். ஆனால் "நாங்கள் நாற்பது வீடுகளுக்குப் போனோம், தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான்" என்பதில் இரண்டு பகுதியும் உண்மை. யாருடைய உழைப்பையும் நீங்கள் களவெடுக்கவில்லை.

அதனால் நாலைந்து கதைகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது. விளம்பரத்தில் கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு கதை பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தோழருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள்.

அடுத்தது உரிமை. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்கள், பொது விளம்பரத்தில் சம்பள வீச்சைப் போட வேண்டும். தெரிவுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் சொல்ல வேண்டும். கனேடிய அனுபவம் கேட்கக்கூடாது. கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாட்களுக்குள், முடிவு எடுத்தாயிற்றா என்று அறிவிக்க வேண்டும். 'கனேடிய அனுபவம்' என்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. எங்கள் அம்மா அப்பாக்களுக்கு அதுவும் பிந்தித்தான் வந்தது.

என்ட அம்மா முதல் வேலைக்காக ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டினவ. 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி உங்களிடம் பதிவுக்கோ, ரெஸ்யூமே எழுதவோ, நேர்முகப் பயிற்சிக்கோ காசு வாங்க முடியாது. கேட்டால் கொடுக்காதேங்கோ.

வயது, கலியாணம், பிள்ளை, சமயம், பிறந்த நாடு இவற்றைச் சாதாரணமாக நேர்முகத்தில் கேட்கக்கூடாது. கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று கேட்கலாம். மக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வெளிநாட்டு மாணவர் முகம்மது ஹசீபிடம் இம்பீரியல் ஒயில் அதற்கு மேலே போய், நிரந்தரமாக வேலை செய்யத் தகுதி உண்டா என்று கேட்டது. ஆம் என்றார். சான்று காட்ட முடியாததால் கொடுத்த வேலையைத் திருப்பி எடுத்தார்கள். 2018இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது, 2021இல் ஒரு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப நிலைநாட்டியது. வென்றார், ஆனால் எத்தனை வருடம்! பொய் சொல்லுங்கோ என்று நான் சொல்லவில்லை. "பிள்ளைகள் இருக்கா?" என்று கேட்டால், "வார இறுதி ஷிப்ட் எனக்குப் பிரச்சினை இல்லை" என்று வேலையைப் பற்றியே பதில் சொல்லலாம். வெளியே வந்ததும் கேள்வியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்த நேரம் பயத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் வெட்கப்படவும் தேவையில்லை.

இங்கே பலருக்கு உள்ள கேள்வி: செய்த அரசியல் வேலையை ரெஸ்யூமேயில் போடலாமா? பிரிட்டிஷ் கொலம்பியாவின் மனித உரிமைச் சட்டத்தில், வேலை விஷயத்தில் அரசியல் நம்பிக்கைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஒன்ராறியோச் சட்டத்தின் பட்டியலில் அது இல்லை. ஆகவே அமைப்பின் பெயரைப் போடுவதா, செய்த வேலையை மட்டும் எழுதுவதா என்பது உங்கள் முடிவு. பெயரை விட்ட தோழரைக் கோழை என்று யாரும் சொல்லக்கூடாது. வீட்டில் யார் வாடகை கட்டுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தத் தங்கச்சிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததற்கு முதல்நாள் நாங்கள் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டோம். முதலில் சிரிப்பு, பிறகு அழுகை, மூன்றாம் முறை ஒழுங்காகச் சொன்னாள். அதன் முடிவு இன்னும் வரவில்லை.

இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குவோம். போய் வந்தவர்கள் கேட்ட கேள்விகளை எழுதித் தாருங்கள். வேலை கிடைத்தவர்கள் சம்பளம் எவ்வளவு என்று அடுத்தவருக்குச் சொல்லுங்கள். அதுவும் அமைப்பு வேலைதான்.