முதல் 24 மணி நேரம்

(தங்கா பத்து வட்டாரக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



இந்நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. ஆனால் போலீஸ் காவலில் இறந்தவர்களைக் கணக்கெடுத்தால் நம் பங்கு அதைவிடப் பெரிது. ஏன் என்று கேட்டால் குண்டர் கும்பல், குடி என்று நம் ஆட்களே பதில் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தோட்டத்தை விட்டுப் பிளாட்டுக்கு வந்த ஏழைப் பையன் பிடிபடும்போது, முதல் நாள் நிலையத்தில் போய்க் கேட்க ஆளில்லை. அதுதான் விஷயம்.

2009 ஜனவரியில் குகன் சுபாங் ஜெயா தைப்பான் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை, இரண்டாவது பரிசோதனை கேட்டது. அடியால் சிறுநீரகம் செயலிழந்தது அதில்தான் தெரிந்தது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசாரும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆனால் மகன் திரும்பவில்லையே.

சட்டம் என்ன சொல்கிறது? பிடித்த காரணத்தைச் சொல்ல வேண்டும். விசாரிக்குமுன் வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தண்டனை 14 ஆண்டுக்குக் குறைந்த குற்றம் என்றால் ரிமாண்ட் முதல் தடவை 4 நாள், மறுதடவை 3 நாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு நிலையத்துக்கு மாற்றிப் புதிய ரிமாண்ட் கேட்டால், உடனே வழக்கறிஞரிடம் போங்கள். 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவன வழக்கறிஞர்கள் ரிமாண்டுக்கு இலவசமாக வருகிறார்கள். அது குடிமக்களுக்கு மட்டும். சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாட வேண்டும். இந்த நாட்டில் பிறந்தும் சிவப்பு ஐசி! அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.

இதையெல்லாம் யார் வீடு வீடாகச் சொல்வது? 1972-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் (நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்லை, அமெரிக்காவில் உள்ளது) வாஷிங்டன் பள்ளிகளுக்குப் போய், தெருவில் தேவைப்படும் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களும் மக்களிடம் போய் இப்படிச் சட்டம் சொல்லித் தந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, ஆயர் குரோவில், மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இருக்கிறது. சுங்கை ஊடாங் சிறைச்சாலையும் பக்கத்தில்தான். எந்த வாசலில் நம் பிள்ளைகள் அதிகம் நிற்க வேண்டும், சொல்லுங்கள்!

மாணவர்கள் நமக்காக நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நிலையத்தில் என்ன கேட்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது, புரியாத தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்படி என்று நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழிலும் மலாயிலும் நடித்தே காட்ட முடியும்.

அவர்கள் வந்தால் கைதட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். லோக்காப் வாசலில் காத்து நின்ற அம்மாக்கள் எழுந்து பேசுங்கள். அங்கே என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவர்களுடைய பாடப்புத்தகத்தில் இருக்காது. உங்கள் தாமானுக்கு அவர்களை அழைக்க விரும்புவோர், போகும்போது வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.