மார்க்கு கேட்பதற்கு முன்...

(கிள்ளானில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. கவுன்சலிங் படித்தவனும் இல்லை. உங்களைப் போல ஷிப்ட் வேலை பார்க்கும் தொழிலாளி. ஒரு தகப்பனாக நான் செய்த தவறைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பெரிய வாயாடி. பேச்சுப் போட்டியில் மேடை ஏறியவன். முதலாம் படிவம் போன மூன்றே மாதத்தில் வீட்டில் அவன் குரலே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தால் வயிற்று வலி. நான் அதைச் சோம்பேறித்தனம் என்றேன். என் தம்பி மகன் வாங்கிய மார்க்கைச் சொல்லிக் காட்டினேன். ஒரு நாள் கையும் நீட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவன் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டே சும்மா கேட்டாள்: "ரெஹாட்ல யார்கூடய்யா சாப்பிடுற?"

"யார்கூடயும் இல்லம்மா" என்றான். அப்புறம் அழ ஆரம்பித்தான்.

வகுப்பில் எழுந்து பதில் சொன்னபோது ஒரு மலாய்ச் சொல்லைத் தப்பாக உச்சரித்திருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தச் சொல்லையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில் கேண்டீன் பக்கமே போகவில்லை. மூன்று மாதம்! தினமும் நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை மார்க்கு?" அந்தக் கேள்விக்குள் இந்தக் கதை எப்படி வரும்?

நம் பிள்ளைகள் ஆறு ஆண்டு தாய்மொழியில் படிக்கிறார்கள். சிலர் புகுமுக வகுப்பு வழியாகவும், பலர் நேராக முதலாம் படிவத்திற்கும் போகிறார்கள். அங்கே பெரும்பாலான பாடங்கள் வேறு மொழியில். நண்பர்கள் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். இது தமிழ்ப்பள்ளியின் குறை அல்ல, பிள்ளையின் மூளையில் குறையும் அல்ல. மொழி மாறினால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் வீடு அவனுக்குத் தூணாக நிற்கிறதா, இல்லை இன்னொரு சோதனை மண்டபமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் எடுக்கப்பட்டது. பி.டி.3 2022-இல் எடுக்கப்பட்டது. சோதனை போனது, பயம் போகவில்லை. அதே 2022-இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நம் நாட்டு இளையோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மனச்சோர்வில் இருப்பது தெரியவந்தது. எல்லா இனப் பிள்ளைகளும் இதில் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை மட்டும் தப்பித்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

பணம் செலவில்லாமல் நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தூக்கம். 13 வயது முதல் 18 வயது வரை பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. பள்ளி பஸ் ஆறு மணிக்கே வாசலில் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசி ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளையின் போன் மட்டும் அல்ல, நம்முடையதும்தான்.

இரண்டாவது, பசியாறுதல். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு கப் மைலோவும் இரண்டு ரொட்டியும் போதும். முந்திய இரவே எடுத்து வைத்துவிடலாம்.

மூன்றாவது, பத்து நிமிடப் பேச்சு. "இன்னைக்கு யார்கூட சாப்பிட்ட? எது சிரிப்பா இருந்துச்சு? எது கஷ்டமா இருந்துச்சு?" பதில் வந்தால் உடனே அறிவுரை சொல்லாதீர்கள். கேளுங்கள், போதும். இரவு ஷிப்டில் இருந்தால் ரெஸ்ட் நேரத்தில் போன் போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

நான்காவது, விளையாட்டு. பள்ளி, டியூசன், மறுபடியும் டியூசன் என்று ஓட்டாதீர்கள். மாலையில் அரை மணி நேரம் பந்து உதைக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும். உடம்பு வியர்த்தால் மனமும் லேசாகும். படிக்கும்போதும் அரை மணி நேரம் படித்து ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும்.

ஐந்தாவது, நம் நாக்கு. "நீ உருப்படமாட்ட" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். வெளியில் யாராவது நம் பிள்ளையை அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். அதை நாமே வீட்டில் சொல்லலாமா?

ஆறாவது, பள்ளியை அறிந்துகொள்ளுங்கள். இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியர் இருப்பார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையைக் கிண்டல் செய்தால், பாடம் புரியாமல் தவித்தால், நேரில் போய்ச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வரவில்லையென்றால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பி.ஐ.பி.ஜி. கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள். இதெல்லாம் தயவு கேட்பது அல்ல. உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்திற்கு மேல் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதைத் திமிர் என்று தள்ளாதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போவதோடு நிற்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் மனம் திறக்கும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. பெப்ரண்டர்ஸ் 03-76272929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999. இந்த எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

என் மகன் இப்போது நான்காம் படிவம். வகுப்பில் முதல் மாணவன் இல்லை. நடுவில் எங்கோ இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்று வலி இல்லை. மறுபடியும் வாயாடுகிறான். சில நேரம் காது வலிக்கிறது, சந்தோசமாகத்தான் இருக்கிறது.

அன்று கை நீட்டியதற்கு அவனிடம் மன்னிப்பு கேட்டேன். அப்பா மன்னிப்பு கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

இன்று இரவு வீட்டிற்குப் போனதும் பிள்ளை விழித்திருந்தால் மார்க்கு கேட்காதீர்கள். "யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள்.