பல்கலைக்கழகத்தில் நிறுவன நடத்தையியல்: கற்றதும் கற்க வேண்டியதும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இச்சங்கத்தின் இரவுப் பாடசாலையில் எழுத்தும் கணக்கும் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகவியல் பட்டம் பெற்றவர்கள் நாங்கள் இருவர். இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். பல்கலைக்கழகத்தில் கற்ற பாடம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கணக்கியலையோ வங்கியியலையோ கொள்ளாமல், நிறுவன நடத்தையியல் என்னும் பாடத்தைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

நிறுவன நடத்தையியல் என்பது யாது? ஆலை, அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, சங்கம் என எதுவாயினும், பலர் கூடி உழைக்கும் இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்று ஆராயும் இயல் அது. உளவியலும் சமூகவியலும் அதற்குத் தாயும் தந்தையும் போன்றவை. வேலை வாங்குவது எப்படி என்னும் கேள்வியிலிருந்தே அது வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து உற்பத்தியைப் பெருக்கும் முறைகளை நூலாக வெளியிட்டார். அதன் பின்னர் வந்த அறிஞர் பலரும் ஆலை நிர்வாகத்திற்கு அறிவுரை கூறியவர்களே.

அப்படியாயின் அது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பல தலைமுறைகளாக வேலை வாங்கப்பட்டவர்கள் நாம். வேலை வாங்கும் முறையை நூலாக எழுதி வைத்திருக்கும்போது, அந்நூலை முதலில் படிக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

எங்கள் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுகிறோம். வகுப்பில் அறுபது பேர். ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு தலைப்பில் கட்டுரை படிக்க வேண்டும் என்றார் பேராசிரியர். குழுவை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்றும் கூறினார். பத்து நிமிடத்தில் பதினொரு குழுக்கள் அமைந்துவிட்டன. எஞ்சியவர் ஐவர். நாங்கள் இருவரும், வேறு மாவட்டங்களிலிருந்து வந்த நம் சமுதாய மாணவர் மூவரும் ஆவோம். யாரும் எங்களை இழித்துப் பேசவில்லை. வேண்டாம் என்று கூறவும் இல்லை. எங்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. பேராசிரியர் தம் பட்டியலில் ‘எஞ்சியவர்கள் ஒரு குழு’ என்று எழுதிக்கொண்டார். அன்றிரவு விடுதியில், பழகத் தெரியாத நம் குறையே இது என்று எங்களுள் ஒருவர் சொன்னார். மற்ற நால்வரும் மறுக்கவில்லை. இதன் முடிவைப் பின்னர்க் கூறுகிறோம்.

அப்பாடத்தில் முதலில் வரும் ஆய்வு, அமெரிக்காவில் சிகாகோ நகரையடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்றது. அதன் இறுதிப் பகுதியில், தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பதினான்கு தொழிலாளரைத் தனியறையில் வைத்துக் கவனித்தனர். கூடுதலாக உழைத்தால் கூடுதல் கூலி என்பது நிர்வாகத்தின் விதி. ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தொழிலாளர் தமக்குள் ஓர் அளவு வைத்திருந்தனர். அதை மீறி விரைந்து உழைப்பவனின் மேற்கையில் மற்றவர்கள் குத்துவார்கள். எழுதிய விதி ஒன்றிருக்க, எழுதாத விதியே அங்கு ஆட்சி செய்தது. ஹாதார்ன் ஆய்வின் வேறு பல முடிவுகளைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். எனினும் எழுதாத விதி என்னும் இக்கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

எழுதாத விதியை அறிய நாம் சிகாகோவரை செல்ல வேண்டுமா? பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகமாக இருந்தது. அங்கே தாழ்த்தப்பட்ட தொழிலாளரைச் சேர்க்கவில்லை. நாடாவில் இழையை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்தமையால், அவர்கள் தொட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டோம் என்றனர். நூற்புப் பிரிவிலேயே நம் மக்கள் நிறுத்தப்பட்டனர். ஆலையின் எந்தச் சட்டப் புத்தகமும் இட்ட விதியன்று அது. 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை நம் தொழிலாளருக்கும் திறந்துவிட வேண்டும் என்னும் கோரிக்கையை வற்புறுத்தியவர் அண்ணல் அம்பேத்கர். ஹாதார்ன் தொழிலாளரின் எழுதாத விதியைப் படிக்கும் மாணவர், பம்பாய்த் தொழிலாளரின் எழுதாத விதியையும் படிக்க வேண்டும். நாங்கள் பயின்ற பாடநூலில் முன்னது இருந்தது, பின்னது இல்லை.

இரண்டாவதாக, ரோசபெத் மாஸ் கான்டர் என்னும் சமூகவியல் அறிஞர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றில் பெண்களின் நிலையை அவர் ஆராய்ந்தார். ஓரினத்தார் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவாக உள்ள இடத்தில் என்ன நேர்கிறது என்று விளக்கினார். எல்லோர் கண்களும் அச்சிலர் மீதே இருக்கும். அவர்களைக் கண்டதும் பெரும்பான்மையினர் தமக்குள் இன்னும் நெருங்கிக்கொள்வர். அச்சிலரை அவரவராகப் பாராமல், முன்பே செய்து வைத்த அச்சில் வார்த்துப் பார்ப்பர். ஆட்களின் குணத்தைவிட, எண்ணிக்கையின் விகிதமே இதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

அலுவலகம் செல்லும் நம் இளைஞருக்கு இது புதிதன்று. அவர் கோப்பில் ஒரு பிழை நேர்ந்தால் அது நம் சமுதாயத்தின் பிழையாகிறது. அவர் செய்த நற்பணியோ சலுகையின் பயனாகிறது. உணவு இடைவேளையில் பேச்சு நிற்கிறது. வீடு திரும்பியபின், குறை தம்மிடமே என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்பு எத்தனை பேரின் உறக்கத்தைக் கெடுத்தது, எத்தனை பேரைப் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்காமல் தடுத்தது என்பதை நாம் அறிவோம். அந்நினைப்பை அறுப்பதற்கு இவ்வியல் ஒரு கருவி.

இது வெறும் மனக்குறையன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். தாழ்த்தப்பட்ட சமுதாயத்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்குள்ள வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. தமிழகத்தில் பெயரோடு சாதியை ஒட்டும் வழக்கம் குறைந்துவிட்டது. ஆகவே சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, தந்தை செய்யும் தொழில் என்ன என்னும் கேள்விகள் அப்பணியைச் செய்கின்றன. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. உறுப்பினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 93 பேர் முற்பட்ட சாதியினர். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே.

இனி மூன்றாவது ஆய்வு. சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் 1950களில் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளுள் எது அதற்குச் சமம் என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும் விடை அது. ஆனால் அறையிலிருந்தோருள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், முன்னேற்பாட்டின்படி ஒரே குரலில் தவறான விடையைக் கூறினர். அந்த ஒருவர் என்ன செய்தார்? இவ்வாறு சோதிக்கப்பட்டவர்களுள் நான்கில் மூவர், ஒரு முறையேனும் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஆனால் மற்றவர்களுள் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னபோது, கூட்டத்தின் பிடி நான்கில் ஒரு பங்காகத் தளர்ந்துவிட்டது. துணைக்கு ஒருவர் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம். ‘எஞ்சியவர்கள்’ குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, குழுக்கள் எவ்வாறு உருவாகின்றன என்பது. நூலிலுள்ளதை எழுதிப் படித்துவிட்டு அமர்ந்திருக்கலாம். அவ்வாறே செய்வோம் என்று நால்வர் சொன்னோம். ஒருவர் மட்டும் இந்த வகுப்பைப் பற்றியே எழுதுவோம் என்றார். மறுநாள் இருவரானோம், அதற்கு மறுநாள் ஐவரானோம். யார் யார் அருகே அமர்கின்றனர், யார் யாரோடு உண்கின்றனர், எந்த விடுதியினர் எந்தக் குழுவில் உள்ளனர் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினோம். யாரையும் குற்றம் சாட்டவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. கைதட்டல் இல்லை. பேராசிரியர் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பருவத்திலிருந்து குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம் என்று மட்டும் சொன்னார். அவ்வாறே செய்தார். சீட்டில் சேர்ந்த மாணவர்கள் எங்களோடு அமர்ந்தனர், குறிப்பேடுகளைப் பகிர்ந்தனர், ஒருவர் தம் இல்லத்திற்கும் அழைத்தார். எல்லோர் மனமும் மாறிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. மனம் மாறும்வரை காத்திராமல், ஏற்பாட்டை மாற்றினால் நடத்தை மாறும் என்பதைக் கண்ணாரக் கண்டோம். இப்பாடத்தில் நாங்கள் கற்றதன் சாரம் அதுவே.

அன்பார்ந்த பெரியோர்களே! இதே கண்ணாடியை நம் முகத்திற்கு நேரேயும் பிடிக்க வேண்டும். நம் பொதுக்குழுவில் பேசுபவர்கள் எத்தனை பேர்? பெண்கள் எந்த வரிசையில் அமர்கின்றனர்? கணக்குப் புத்தகம் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், அவர் நேர்மையாளராயினும், அவருக்குப் பின் என் செய்வோம்? பதவி அலுவலகத்திற்கு உரியது, நபருக்குச் சொந்தமானதன்று என்பது மாக்ஸ் வெபர் விளக்கிய அடிப்படை. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. அவர் 1956இல் மறைந்தார். கழகமும் கல்லூரியும் மறையவில்லை. தனியொருவரின் தியாகத்தால் எழுந்தவையும், ஒழுங்கான அமைப்பாக இருந்தாலன்றி நிலைப்பதில்லை.

ஆகவே மூன்று செயல்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை ஆண்டுதோறும் ஓர் இளைஞரிடமோ இளம்பெண்ணிடமோ ஒப்படையுங்கள். தீர்மானத்தின் மீது தலைவர் கருத்துக் கூறுமுன், வயதில் இளையவரை முதலில் பேச விடுங்கள். புதிதாக வேலைக்கோ கல்லூரிக்கோ செல்லும் ஒவ்வொருவருக்கும், அங்கே முன்பே சென்ற ஒருவரைத் துணையாக நியமியுங்கள். ஆஷின் அறையில் ஒரே துணை செய்த வேலையை நாமும் செய்யலாம்.

இளைஞர்களே! எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் எம்.பி.ஏ. படிக்கலாம். தமிழகத்தில் அதற்கான டான்செட் நுழைவுத் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. வணிகவியல், உளவியல், சமூகவியல் பயில்வோரும் இவ்வியலைக் கற்க இயலும். தேர்வுக்காக மட்டும் கற்காதீர்கள். நம் பெற்றோர் வேலை செய்த களத்துமேட்டையும், செங்கல் சூளையையும், நகராட்சித் துப்புரவுப் பிரிவையும் ஆய்வுக் களமாக்குங்கள். அங்கே நிலவும் எழுதாத விதிகளை எழுதுங்கள். அந்த அத்தியாயத்தை நம்மில் ஒருவர் எழுதும்வரை அப்பாடநூல் முழுமை பெறாது.