எட்டே போதும்



இருபது வருடங்களுக்கு முன்னால் என் மைத்துனர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது எனக்கென்று ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். கையடக்கமாக இருக்கும். முன்கண்ணாடிகள் இரண்டும் மாணிக்கக்கல் மாதிரி செக்கச்செவேலென்று மின்னும். மேலே ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளினால் பத்து மடங்கிலிருந்து முப்பது மடங்குவரை பெரிதாகத் தெரியும் என்று பெட்டியில் போட்டிருந்தது. முப்பது மடங்கு! வீட்டில் எல்லோரும் மொட்டைமாடியில் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை பார்த்தோம்.

அந்த வாரமே அதைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல் போனேன். ஏரிக்கரையில் நின்று, நெம்புகோலை முப்பதுக்குத் தள்ளிப் பார்த்தால் ஒரே இருட்டுக் குழாய். குழாயின் கோடியில் ஏதோ வெள்ளையாக ஆடுகிறது. நாரையா, யாராவது காயப்போட்ட வேட்டியா என்று சொல்ல முடியவில்லை. கால்மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. என் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன் கழுத்தில் தொங்கிய கருப்புப் பெயர்ந்த பழைய பைனாகுலரைக் கழற்றி, "இதுல பாருங்க தம்பி" என்று கொடுத்தார்.

பார்த்தேன். தண்ணீருக்குள் நிற்கும் மரத்தின் உச்சிக்கிளையில் ஒரு நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடியிருந்தாலும் நடுவில் பாக்குவெட்டி மாதிரி ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாக அந்தப் பக்கத்து ஆகாயம் தெரிந்தது. யாருக்குமே அதுவரை தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. பைனாகுலரைத் திருப்பி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 8×40. வெறும் எட்டு மடங்கு.

முப்பது தோற்ற இடத்தில் எட்டு எப்படி ஜெயித்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எந்தப் பைனாகுலரை எடுத்தாலும் இப்படி இரண்டு எண் இருக்கும். 8×42, 10×42, 8×25 என்று. இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டாம். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 80 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பறவை, எட்டு மடங்கில் 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். வெளிச்சம் உள்ளே வருகிற வாசல் அதுதான். கடைக்காரர் முதல் எண்ணைச் சொல்லித்தான் விற்பார். வாங்குகிறவர் கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால். அதாவது பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து ஐந்தேகால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிக்கற்றை நம் கண்ணுக்குள் வருகிறது. நம் கண்பாவை நல்ல வெயிலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கும். பொழுது சாயும்போது ஐந்து, ஆறு என்று விரியும். ஆக, வேடந்தாங்கலில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக இறங்குகிறபோது, விரிந்த கண்ணுக்குத் தேவையான வெளிச்சம் இதில் கிடைக்கிறது. என் துபாய் சரக்கின் முன்கண்ணாடி 25 மில்லிமீட்டர். முப்பது மடங்கில் வைத்தால் 25-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஊசிக்காது வழியாக ஏரியைப் பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி, வானத்தை நோக்கிப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தைப் பாருங்கள். நடுவில் வெளிச்சப் பொட்டு ஒன்று தெரியும். பொட்டு பெரிதாக, முழு வட்டமாக இருந்தால் நல்லது. அதன் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரித் தெரிந்தால், உள்ளே இருக்கும் பட்டகக் கண்ணாடியில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது கை நடுக்கம். யாருக்கும் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். பத்து மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் பத்து மடங்கு. பன்னிரண்டைத் தாண்டினால் நம் நாடித்துடிப்பே பறவைமேல் தெரியும். அப்புறம் முக்காலி இல்லாமல் முடியாது. பார்வைப்பரப்பும் சுருங்கிவிடும். நல்ல 8×42 ஒன்றில், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 130 மீட்டர் அகலத்துக்கு அருகே தெரியும். பத்து மடங்கில் அது 110 மீட்டர் அளவுக்குக் குறையும். முருங்கை மரத்தில் தாவிக்கொண்டே இருக்கிற தேன்சிட்டைப் பிடிக்க இந்த இருபது மீட்டர்தான் உதவும். சதுப்புநிலத்திலும் கடற்கரையிலுமே பெரும்பாலும் பார்ப்பவர்கள் பத்துக்குப் போகலாம். மற்றவர்களுக்கு எட்டே போதும் என்பது என் கட்சி.

எட்டுகூட ஆடம்பரம் என்று சொல்லக்கூடிய ஒருத்தர் இருந்தார். புளோரன்ஸ் மெரியம் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் முதலில் துப்பாக்கியால் சுட்டுக் கையில் எடுப்பது என்று அர்த்தம். அவர் நாடகக் கொட்டகையில் மேடையைப் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அது மூன்று மடங்கு பெரிதாக்கினாலே அதிகம். அதை வைத்துக்கொண்டு 1889-இல் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்று நாம் பிடித்திருக்கும் பைனாகுலர் அதற்குப் பிறகு வந்தது. போரோ என்ற இத்தாலியர் 1854-இலேயே பட்டகங்களை வைத்துத் தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதற்கேற்ற தரமான கண்ணாடி கிடைத்து, ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவர 1894 ஆகிவிட்டது.

போரோ முறையில் செய்தது முன்பக்கம் அகன்று, தோள் விரித்த பயில்வான் மாதிரி இருக்கும். இன்னொரு வகை நேராக, இரண்டு குழாய்களை ஒட்டவைத்த மாதிரி ஒல்லியாக இருக்கும். பார்க்க லட்சணம் ஒல்லிக்குத்தான். ஆனால் அதைத் துல்லியமாகச் செய்யச் செலவு அதிகம். அதனால் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு, பயில்வான்தான் காசுக்கேற்ற காட்சி தரும். இரண்டு லட்சத்தைத் தாண்டுகிற ஐரோப்பியப் பைனாகுலர்களும் இருக்கின்றன. ஒருமுறை நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பார்த்தேன். அப்புறம் இரண்டு நாள் என்னுடையதைத் தொடப் பிடிக்கவில்லை. அதனால் அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

கடைக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வாசலுக்கு வாருங்கள். மின்கம்பியில் ஒரு காக்கை இருக்கும். வெளிறிய வானத்தின் முன்னால் கறுப்புக் காக்கையைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. காக்கையைச் சுற்றி ஊதாக்கோடு தடிமனாகத் தெரிந்தால் கண்ணாடி சுமார்தான். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்ததும் கண் இழுத்துப் பிடிக்கிறது என்றால் இரண்டு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாணிக்கச் சிவப்பு மினுமினுப்பு இருந்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே தெரிவதெல்லாம் பச்சைபாய்ந்துதான் தெரியும்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணைச் சற்று விலக்கி வைத்தாலும் முழுக் காட்சியும் தெரிகிறதா? அந்த இடைவெளியை 'ஐ ரிலீஃப்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண் வைக்கிற இடத்திலுள்ள ரப்பர் கிண்ணத்தை மடக்கியோ திருகி இறக்கியோ பாருங்கள்.

வாங்கின பிறகும் பாதிப்பேர் அதைச் சரியாக அமைத்துக்கொள்வதில்லை. நானும் நாலைந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது. அதற்காகத்தான் பெரும்பாலானவற்றில் வலது கண் பக்கம் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். முதலில் நடுக்கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேரும்படி செய்யுங்கள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை நடுச்சக்கரத்தைச் சுழற்றித் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலதுபக்க வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கிற இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு அதுதான் அளவு. இனி நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. கண் போய்விடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தூசியை ஊதிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிய பிறகே துடைக்க வேண்டும். வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் மணல் கீறிவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். தோல் பையோடு பீரோவில் பூட்டிவைத்த ஒன்றை மூன்று வருடம் கழித்து எடுத்தேன். உள்ளே சிலந்திவலை பின்னியிருந்தது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நைட்ரஜன் நிரப்பி அடைத்த பைனாகுலர் கிடைத்தால் கூடுதல் காசு தகும்.

கோடியக்கரையில் சேற்றுப்பரப்பின் கடைசியில் ஓடுகிற உள்ளான்களை இனம் பிரிக்க, முக்காலியில் நிறுத்துகிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும்தான். இருபதிலிருந்து அறுபது மடங்குவரை போகும். ஆனால் காலை பத்து மணிக்குமேல் கானல் எழும்பிவிட்டால் அறுபது மடங்கில் கானல்தான் பெரிதாகத் தெரியும். இதைத் தனியாக வாங்க வேண்டாம். குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

குழு என்றதும் ஞாபகம் வருகிறது. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேர்ந்துகொள்ளலாம். நாலு பேர் கழுத்தில் நாலு விதமான பைனாகுலர் இருக்கும். கேட்டால் மறுக்காமல் தருவார்கள். அதையெல்லாம் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

போன தை மாதம் பேத்தியை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனேன். குழந்தைகளுக்குக் கண்களுக்கு நடுவே தூரம் குறைவு. பெரியவர்களுடைய பைனாகுலர் அந்த அளவுக்கு மடங்காது. அவளுக்கென்று நெருங்கி மடங்குகிற சின்னது ஒன்று வாங்கியிருந்தேன், அதுவும் எட்டு மடங்குதான். கரையில் நின்று ரொம்ப நேரம் ஒரே கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தாத்தா, பெரிய நாரைக்கெல்லாம் மூக்குல சந்து இருக்கு. கூட்டுல இருக்கிற குட்டிக்கு இல்லையே?"

உண்மைதான். நத்தைகுத்தி நாரைக்குஞ்சின் அலகு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் அந்தச் சந்து விழும். இருபது வருடமாக அங்கே போகிற நான் குஞ்சின் அலகை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. "இங்க கொடு, நானும் பார்க்கிறேன்" என்றேன். அவள் தரவில்லை.